தகர டப்பாவில் முதல் பால்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூரில் இரவு ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மாடி வீட்டில் குடியிருக்கும் பெண்கள் நாலு பேரும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள். வழக்கமாகக் குளித்த கையோடு படுத்துவிடுகிறவர்கள், அன்றைக்கு என்னவோ சமைக்கத் தொடங்கினார்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுங்கிய வாசனை முதலில் வந்தது. கொஞ்ச நேரத்தில், தேங்காய்ப்பால் சூடேறும் வாசனை மாடிப்படி வழியே இறங்கி வந்தது.

கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்கார அம்மாள் தலையை நிமிர்த்தினார். தேங்காய் உடைத்த சத்தம் கேட்கவில்லை. மிக்ஸி ஓடவில்லை. ஆனால் வந்தது சொதி வாசனை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சற்றைக்கெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒரு கிண்ணத்தோடு இறங்கி வந்தாள்.

“பெரியம்மா, உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. டப்பாப் பால்ல வச்சது.”

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தான்ட்டி வச்சிருக்க. பாலு எப்போ ஊத்துன, எலுமிச்சம்பழம் எப்போ பிழிஞ்ச?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிடித்த பேச்சு, முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய திருநெல்வேலி டவுன் அடுக்களை வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் காலத்தில் சொதி என்பது நினைத்த நாளில் வைக்கிற குழம்பு இல்லை. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிதான் ராஜா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், பச்சைப் பட்டாணி எல்லாம் போட்டு, புளியும் மிளகாய்த்தூளும் இல்லாமல், பச்சை மிளகாய்க் காரத்தில் தேங்காய்ப்பாலில் வேகிற குழம்பு. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும் என்பதால் இஞ்சி. அதுபோக உருளைக்கிழங்குக் காரக்கறியோ சிப்ஸோ. அவருடைய சித்தியின் கல்யாணத்துக்கு, விடிவதற்கு முன்பே பின்கட்டில் தேங்காய்கள் மலையாகக் குவிந்துவிட்டன. பெண்கள் வரிசையாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து துருவினார்கள். ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அந்த வரிசையில்தான் பேசித் தீரும்.

துருவுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. சிரட்டையை ஒட்டிய கறுப்புத் தோல் துருவலில் விழக்கூடாது. “கறுப்பு விழுந்தா சொதி நிறம் செத்துப் போயிரும், நிறுத்துட்டி” என்று அவருடைய அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். துருவிய பூவை ஆட்டுக்கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி, கை பொறுக்கும் வெந்நீரை ஒரு கரண்டி தெளித்து, வெள்ளை மல் துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்கினால், விரலிடுக்கில் கெட்டியாக வழிவது முதல் பால். அது தனியாக ஒரு வெண்கலப் பானைக்குப் போகும். அதே சக்கையை மறுபடி கல்லில் போட்டு, கூடக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். மூன்றாவது தடவை பிழிவது, வெள்ளை நிறம் மட்டும் உள்ள தண்ணீர். அதையும் கொட்டமாட்டார்கள். காய் வேகிறது அந்த மூன்றாம் பாலில்தான். காய் முக்கால் பதம் வெந்ததும் இரண்டாம் பால், வெந்த பருப்பு, அரைத்த இஞ்சி, பச்சை மிளகாய். எல்லாம் சேர்ந்து மணம் வந்த பிறகு, கடைசியாக முதல் பால். அதை ஊற்றிவிட்டு யாரும் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. ஓரத்தில் நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம்.

சக்கைக்கும் வேலை இருந்தது. கோழிக்குப் போட்டது போக, மிஞ்சியதைப் பெண்கள் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்வார்கள். சிரட்டை வெந்நீர் அடுப்புக்கு. சித்திரை மாதத்தில் காலையில் பிழிந்த பால் மத்தியானத்துக்குள் புளித்த வாடை அடித்துவிடும். அதனால் பிழிவதும் சமைப்பதும் சாப்பிடுவதும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும். தேங்காய்ப்பாலைச் சேமித்து வைப்பது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

அந்த வீட்டுக்கு முதல் டப்பா வந்தது சிங்கப்பூரிலிருந்து. அங்கே வேலை பார்த்த சித்தப்பா, சேலை, டார்ச் லைட், கோடாலித் தைலத்தோடு ஒரு தகர டப்பாவையும் எடுத்து வைத்தார். மேலே பாதியாக உடைத்த தேங்காயின் படம். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன தம்பி, நம்ம வீட்டுல தேங்கா இல்லாமலா சிங்கப்பூர்லேர்ந்து பாலைத் தூக்கிட்டு வந்திய?” என்றார். டப்பா அலமாரியில் பொம்மைகளுக்கு நடுவே ஏறியது. அதை யாரும் திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப்பட்டது.

சிங்கப்பூரிலும் மலேயாவிலும் டப்பா உணவு என்பது அதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே வேரூன்றிய பழக்கம். இன்று தேங்காய்ப்பால் டப்பாவுக்குப் பெயர்போன ஆயாம் பிராண்டை, ஆல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892-ல் சிங்கப்பூரில் தொடங்கினார். மத்தி மீன் டப்பாவில் பெயர் வாங்கிய பிராண்டு அது. பிறகு தாய்லாந்தின் சாவ்கோ, அராய்-டி போன்ற பெயர்கள் உலகம் முழுக்கப் பரவின. இலங்கையில் மேகி தேங்காய்ப்பால் பொடி சமையலறைகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் டாபர் நிறுவனத்தின் 200 மில்லி அட்டைப் பெட்டிப் பால் பல ஊர்க் கடைகளுக்கு வந்தது.

கல்யாணமாகி அவர் மண்ணூருக்கு வந்தபோது, இந்தப் பக்கம் ஏரிப் பாசன வயல்கள் நிறைய மிச்சமிருந்தன. ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியதைப் பின்தொடர்ந்து உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்த காலம். அவற்றில் ஒன்றில்தான் அவருடைய கணவருக்கு வேலை. 2006-ல் நோக்கியா வந்தது; 2014-ல் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். வயல்கள் கிடங்குகளாயின, மாட்டுவண்டி போன சாலையில் கண்டெய்னர் லாரிகள் போயின. வெளிநாட்டு அதிகாரிகளுக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஹோட்டல்களும் விடுதிகளும் திறந்தன. அந்தச் சமையலறைகளுக்குச் சரக்கு போடும் கடைகளில் சோயா சாஸ் புட்டிகளுக்குப் பக்கத்தில், சித்தப்பா கொண்டுவந்த அதே மாதிரி டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்ததை அவர் பார்த்தார். அலமாரிப் பொம்மையாக இருந்தது விலைச்சீட்டு ஒட்டிய சரக்காகிவிட்டது.

அவரை டப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது சௌகரியம் இல்லை; பக்கத்து வீட்டில் கொஞ்ச காலம் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மாதான். அவர் வீட்டிலும் சொதி உண்டு. அதில் பருப்பு கிடையாது. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சம்பழச் சாறு). தொட்டுக்கொள்ள இடியப்பம். “கப்பிப்பாலில அவிய விடுங்கோ. முதற்பாலை இறக்கேக்க விடுங்கோ” என்று அவர் சொன்னதும் திருநெல்வேலிக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மெலிந்த பாலைத்தான் அவர் கப்பிப்பால் என்றார். கடல் நடுவில் கிடந்தாலும் இரண்டு அடுக்களைக்கும் முறை ஒன்றுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு அந்த அம்மாவின் சொந்தங்கள் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் சிதறிப் போனார்கள். குளிர் ஊரில், நல்ல தேங்காய் கிடைக்காத தெருவில், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு பிள்ளை வளர்த்தவர்கள் டப்பாவைத்தான் கையில் எடுத்தார்கள். “டின் பாலிலதான் என்ர தங்கச்சி பிள்ளையளுக்குச் சொதியைப் பழக்கினவள்” என்று அவர் சொன்ன வாக்கியம், டப்பாவைப் பற்றிய இவருடைய நினைப்பையே மாற்றிவிட்டது.

அதன் பிறகு அவர் டப்பாவைப் படிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பாடத்தைப் போல வரி வரியாக.

டப்பாவுக்குள் இருப்பது கிட்டத்தட்ட முதல் பால். தொழிற்சாலையிலும் அம்மா சொன்ன முறைதான். தேங்காய்ப் பருப்பின் முதுகில் ஒட்டிய பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, கழுவி, அரைத்து, திருகு அழுத்தியில் பிழிந்து வடிகட்டுகிறார்கள். பிறகு கொழுப்புத் துளிகள் பொடிப்பொடியாக உடையும்படி அழுத்தத்தில் செலுத்தி, டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக் கொப்பரையில் வைத்துக் கிருமிகளைக் கொல்கிறார்கள். தேங்காய்ப்பாலில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் வெறும் கொதிநீர்ச் சூடு அதற்குப் போதாது. டப்பாப் பாலில் லேசாக வரும் காய்ச்சிய வாசனைக்குக் காரணம் அந்தச் சூடுதான். திறக்காத டப்பா ஓரிரு ஆண்டுகள் அலமாரியில் கெடாமல் இருப்பதும் அதனால்தான்.

எல்லா டப்பாவும் ஒன்றில்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2003-ல் வகுத்த அளவுப்படி, குறைந்தது 10 சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் அது தேங்காய்ப்பால். 20 சதவீதம் இருந்தால் தேங்காய் கிரீம். 5 சதவீதம் மட்டும் இருந்தால் ‘லைட்’. ‘லைட்’ டப்பாவை வாங்கி அதில் தண்ணீரும் ஊற்றினால், கிடைப்பது மூன்றாம் பாலைவிட மெலிந்த ஒன்று. சில பெட்டிகளில் இருப்பது சர்க்கரை போட்ட, அப்படியே குடிக்கிற பானம். அது குழம்புக்கு உதவாது. பொடிகள் பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரினும் மாட்டுப்பாலின் புரதமும் சேர்ந்திருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

கடையில் அவர் டப்பா எடுக்கும் விதத்தை மாடிப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். முதலில் மூடியின் மேல் கட்டைவிரலை அழுத்துவார். உள்வாங்கி மேலே வந்தாலோ, உப்பியிருந்தாலோ அந்தப் பக்கமே திரும்பமாட்டார். பிறகு விளிம்புத் தையலை விரலால் சுற்றித் தடவுவார். உடம்பில் சின்ன ஒடுக்கு இருந்தால் பரவாயில்லை, தையலில் ஒடுக்கு இருந்தால் வேண்டாம். துரு, கசிவு பார்ப்பார். அடியில் குத்திய தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையோடு 14 இலக்க உரிம எண், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரி. கடைசியில் காதருகே வைத்துக் குலுக்குவார். களக்களக்கென்று ஆடினால் பால் இளகியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மேலே ஏடு கட்டியிருக்கிறது. இரண்டும் கெடுதல் இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. அதனால் மார்கழியில் டப்பாவின் மேல்பாதி வெண்ணெய் மாதிரி இருக்கும், சித்திரையில் முழுக்கத் தண்ணீராக இருக்கும். தேங்காயும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த டப்பாவில் ஏடு சீக்கிரம் பிரியும். குவார் கோந்து, பாலிசார்பேட் சேர்த்ததில் அவ்வளவாகப் பிரியாது.

இந்த வித்தியாசம் சமையலில் பேசும். தாய்லாந்துக்காரர்கள் பச்சைக் கறி வைக்கும்போது கெட்டிப் பாலை முதலிலேயே சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, அந்த எண்ணெயில்தான் அரைத்த மசாலாவை வதக்குவார்கள். அதற்கு எதுவும் சேர்க்காத டப்பா வேண்டும். கோந்து போட்டது எளிதில் பிரியாது. சொதியில் எண்ணெய் பிரிந்தால் குழம்பே போயிற்று. ஆகவே கோந்து போட்ட டப்பா புதிதாகச் சொதி வைக்கிறவர்களுக்குத் துணை. கை தேறியவர்களுக்குக் கோந்து தேவையில்லை.

டப்பாவிலிருந்து மூன்று பாலையும் எடுக்க அவர் கண்டுகொண்ட கணக்கு எளிது. சாதாரணக் கொழுப்புள்ள 400 மில்லி டப்பாவைத் திறந்து, பாதியை அப்படியே எடுத்து வைத்துவிடுவார். அது முதல் பால். மீதியில் பாதிக்கு அதே அளவு வெந்நீர் விட்டுக் கலக்கினால் இரண்டாம் பால். கடைசிப் பங்குக்கு அதைப்போல மூன்று மடங்கு வெந்நீர் விட்டால், காய் வேகவைக்க மூன்றாம் பால். பிறகு அம்மாவின் வரிசை: மெலிந்தது முதலில், கெட்டி கடைசியில். இந்த வரிசை இல்லாமல் டப்பாவை மொத்தமாகக் கவிழ்த்துக் கொதிக்கவிட்டால், காயில் பால் ஏறாது, பாலில் மணம் நிற்காது.

எல்லாவற்றுக்கும் டப்பா போதும் என்று அவர் சொல்வதில்லை. ஆப்பத்துக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை கரைத்து ஊற்றிக்கொள்ளும் தேங்காய்ப்பாலுக்கு இன்றும் அவர் தேங்காய்தான் உடைக்கிறார். காய்ச்சாமல் பச்சையாகச் சாப்பிடும் இடத்தில் டப்பாவின் காய்ச்சிய வாசனை முன்னால் வந்து நிற்கும். சொதியிலும், தேங்காய்ப்பால் சாதத்திலும், நோன்புக் கஞ்சியிலும், பருப்புப் பாயசத்திலும் இஞ்சியோ பூண்டோ வெல்லமோ அந்த வாசனையை அணைத்துக்கொண்டு போய்விடும்.

திறந்த டப்பாவை வைத்துக்கொள்வதில்தான் வீடுகளில் தவறு நடக்கிறது. மூடியை மடக்கி, டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். காற்றுப் பட்ட தகரத்திலிருந்து உலோக வாடை பாலுக்கு ஏறும். எவர்சில்வர் டப்பாவுக்கோ கண்ணாடிப் புட்டிக்கோ உடனே மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். உருகும்போது கொஞ்சம் திரிதிரியாக இருக்கும். சூடான குழம்பில் கலந்தால் சேர்ந்துவிடும். புளித்த வாடையோ, மேலே இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளோ கண்டால் கொட்டிவிட வேண்டும். உப்பிய டப்பாவை ருசி பார்ப்பதே ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமியின் நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

மாடிப் பெண்களிடம் இருப்பது ஒரு இண்டக்ஷன் அடுப்பு, இரண்டு பாத்திரம். அரிவாள்மணை கிடையாது, மிக்ஸி வாங்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது என்றாலும், மண்ணூரைப் போன்ற ஊர்களில் வாடகைக்கு வீடெடுத்துச் சேர்ந்து தங்குகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர். பெரும்பாலும் வெவ்வேறு ஷிப்ட். நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான். பின்கட்டில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து துருவிய வேலையை, இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண் தனியாகச் செய்ய முடியாது. அவள் கைக்கு அந்த டப்பா வராமல் இருந்தால், சொதி அவளோடு மண்ணூர் வரைக்கும் வந்தே இருக்காது.

தேங்காயும் முன்போல மலிவாக இல்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, வேர்வாடல் நோய், மழை ஏமாற்றிய வருஷங்கள் என்று தென்னைக்கு அடிமேல் அடி. 2025-ல் விலை எகிறியபோது, கடைக்காரரிடம் அரை மூடி கேட்டு வாங்கியவர்களை அவர் மண்ணூரிலேயே பார்த்தார். டப்பா வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். கடலில் கப்பலேறி வந்த பாலுக்குப் பக்கத்திலேயே, பொள்ளாச்சித் தேங்காயிலும் கேரளத் தேங்காயிலும் பிழிந்த உள்நாட்டுப் பாலும் கடையில் இருக்கிறது. கொழுப்பு அளவும் சேர்மானமும் ஒத்துப்போனால், நம் தோப்புக்காரர்களுக்குப் போய்ச்சேரும் காசை ஏன் வேறெங்கோ அனுப்ப வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

அன்றைக்கு அந்தத் தூத்துக்குடிப் பெண்ணிடம் அவர் கேட்டதற்கு, “இறக்கி ஆறவச்சுதான் பிழிஞ்சேன் பெரியம்மா. எங்க ஆச்சி போன்ல சொன்னாங்க” என்று பதில் வந்தது. பால் டப்பாவில் வந்தது. எப்போது ஊற்ற வேண்டும் என்பதை ஆச்சிதான் சொல்ல வேண்டியிருந்தது. எந்த டப்பாவின் மேலும் அது அச்சடித்து வருவதில்லை. ஆகவே வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்று பால் பிழியத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே, எந்தக் குழம்புக்கு எந்தப் பால், எந்த நேரத்தில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.